காயசண்டிகை எங்கே போனாள்? மிகுபுனைவின் சிறு பெண் பாத்திரங்களை வாசிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் புத்தகம் பேசுவோம். இந்த வருடம் ஃபன்டசி, அதாவது மிகுபுனைவு. ‘யாரும் கவனிக்காத ஒரு பெண் பாத்திரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள்’ என்று போன மாதம் சொல்லியிருந்தேன். வந்தவற்றை வாசித்தபோதுதான் விளங்கியது, இந்தப் பெண்களைக் கவனிக்காமல் கடந்து போகிறவர்களைவிட, தேடிப் பிடித்துப் பாராட்ட வருகிறவர்களே அவர்களுக்குக் கூடுதலான அநியாயம் செய்கிறார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எத்தனை பக்கத்தில் வருகிறாள் என்று எண்ணுவதுதான் முதல் தவறு. ரோல்கீனின் ‘த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ (1954–55) கதையில் யோரெத் என்றொரு கிழவி. மினாஸ் டிரித் நகரத்து வைத்தியசாலையில் பணி செய்கிற பெண்களில் மூத்தவள். வாய் ஓயாது. ‘சிரிப்புக்காக வருகிறவள்’ என்று ஒருவர் ஒரே வரியில் முடித்திருந்தார். ஆனால் அந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவாக வாசித்துப் பாருங்கள். தளபதி ஃபரமீர் சாகக் கிடக்கிறான். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுதுகொண்டே கிழவி ஒரு பழைய சொல்லை எடுக்கிறாள்: அரசனின் கை நோய் தீர்க்கும் கை, அதை வைத்தே உண்மையான அரசனைக் கண்டுகொள்ளலாம். அதைக் கேட்ட பிறகுதான் மந்திரவாதி கண்டால்ஃப், அரச வாரிசான அரகோர்னைத் தேடிப் போகிறார். அரகோர்ன் வந்து அதெலாஸ் என்ற மூலிகை இருக்கிறதா என்று கேட்க, அந்தப் பெயரில் அவளுக்குத் தெரியாது. ஊரார் சொல்லும் பெயரைச் சொன்னதும் தெரிந்துவிடுகிறது. காட்டில் கண்டிருக்கிறாளாம், கசக்கினால் நல்ல வாசமாம். பின்னால் வருகிற மூலிகைப் பண்டிதரோ அந்த இலைக்கு எத்தனை மொழியில் என்னென்ன பெயர் என்று அடுக்குகிறார். கையில் ஒரு இலை இல்லை. தடிமன் என்றால் நொச்சி இலை அவித்து ஆவி பிடிக்கச் சொல்கிற எங்கள் ஆச்சிமாரைத் தெரிந்த எவரும் யோரெத்தை அவ்வளவு கெதியாய்க் கடந்து போகக்கூடாது.

அடுத்தது, வாள் பிடித்தவளைத்தான் வீரப்பெண் என்று நினைப்பது. அதே கதையில் லோபீலியா இருக்கிறாள். கதாநாயகன் ஃபுரோடோவின் சொந்தக்காரி, வீட்டுக்கும் சொத்துக்கும் ஆசைப்பட்டவள். வெள்ளிக் கரண்டிகளைச் சுருட்டுகிறவள் என்று பெயர் எடுத்தவள். கடைசியில் ஊரைப் பிடித்த ரவுடிகளை மறித்துக் குடையை ஓங்கிக்கொண்டு போனதும் அவள்தான். சிறையிலிருந்து அதே குடையை ஊன்றிக்கொண்டு வெளியே வருகிறாள். வாழ்நாளில் ஒருநாளும் அவளை விரும்பாத சனம் கைதட்ட, அழுதுவிடுகிறாள். மகன் கொலை செய்யப்பட்டான் என்று அறிந்தபின் வீட்டை ஃபுரோடோவுக்கே திருப்பிக் கொடுக்கிறாள். சாகும்போது, வீடிழந்தவர்களுக்கு உதவும்படி காசையும் அவனுக்கு எழுதி வைக்கிறாள். வீடிழந்தவர்கள் என்ற சொல்லை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சும்மா வாசிக்க முடியாது. அதற்காக அவளைத் தியாகி ஆக்கவும் வேண்டாம். கரண்டியும் அவள்தான், குடையும் அவள்தான். ஒன்றை அழித்தால் மற்றதற்கு ருசி இல்லை.

படம் பார்த்துவிட்டுப் பாத்திரத்தைப் பற்றி எழுதாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லோபீலியாவின் இந்த முடிவு படத்தில் வராது.

கதைக்குள் இருக்கிறவர்களின் இளக்காரத்தை எழுத்தாளரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. உர்சுலா லெ குவினின் ஏர்த்சீ வரிசை 1968இல் தொடங்கியது. பெண்களின் மந்திரம் பலவீனமானது, கெட்டது என்று கதை தொடங்குகிற கொன்ட் தீவில் ஒரு பழமொழியே உண்டு. ஆனால் பெரிய மந்திரவாதியாகப் போகிற கெட் முதல் மந்திரத்தைக் கற்றது யாரிடம்? கிராமத்து மந்திரக்காரியான அவனுடைய பெரியம்மாவிடம். அந்த உறவை ஆங்கிலம் பிரித்துச் சொல்வதில்லை, சின்னம்மாவாகவும் இருக்கலாம். கூரையில் ஏறி இறங்க மறுத்த ஆட்டை அவள் ஒரு பாட்டுச் சொல்லி இறக்குகிறாள். அதை ஒட்டுக்கேட்ட பொடியன் மறுநாள் தானும் சொல்லிப் பார்க்க, ஆடுகள் முழுதும் அவனை நெருக்கிக்கொண்டு விலகவே மாட்டேன் என்கின்றன. அவள் வந்துதான் அவனை விடுவிக்கிறாள். அந்தப் புத்தகத்தில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. 1990இல் வந்த ‘தெஹானு’வில் லெ குவின் அதே தீவுக்குத் திரும்பி வந்து, ஒரு பெண்ணின் பக்கத்தில் நின்று கதை சொன்னார். முதல் புத்தகத்தோடு நின்றுகொண்டு அவரைத் திட்டுவதும் சரியில்லை, ‘தெஹானு’வைக் காட்டி முதலாவதை மறைப்பதும் சரியில்லை.

சரி, இனி என் தவறு. ‘இந்தப் பெண்ணைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் எந்த இடத்தில் கதை நிற்கும் என்று பாருங்கள்’ என்று எல்லோருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதைக் காட்ட நான் எடுத்தது மணிமேகலை. மாயம் நிறைந்த கதைக்குக் கடல் கடந்து போகத் தேவையில்லை. அதில் வருகிற மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று இங்கே நம்புகிறோம், குறிகட்டுவானில் படகேறினால் போய்விடலாம். அந்தத் தீவில் புத்த பீடிகையைக் காவல் காக்கிற தீவதிலகை இல்லாவிட்டால் அமுதசுரபி வருகிற நாள் மணிமேகலைக்குத் தெரியாது. முதல் பிச்சையை ஆதிரையிடம் வாங்கு என்று சொல்ல ஒரு காயசண்டிகை வேண்டும். பிறகு அந்தச் சோற்றில் முதல் பசி தீர்வதும் காயசண்டிகைக்கே. வடிவாகப் பொருந்துகிறது என்று சந்தோசமாகச் சொல்லி முடித்தேன்.

பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்: “அதுக்குப் பிறகு அவ எங்க போனவ அக்கா?”

என் சோதனையில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. கதைக்கு என்ன பயன் என்று மட்டும் பார்த்தால், பயன் முடிந்த இடத்தில் ஆளையும் விட்டுவிடுவோம். காயசண்டிகை வானில் பறக்கக்கூடிய விஞ்சையர் குலத்துப் பெண். ஒரு முனிவர் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை உண்கிற, பனம்பழம் போல் பெரிய நாவற்பழத்தைச் செருக்கோடு நடந்து மிதித்துச் சிதைத்துவிடுகிறாள். அதற்குச் சாபம், அணையாத யானைத்தீப் பசி. அமுதசுரபிச் சோறு உண்டு அது தீர்ந்ததும், ஊர் திரும்ப வானில் எழுகிறாள். விந்தமலைக்கு மேலே பறக்கும்போது, அந்த மலையைக் காக்கிற விந்தாகடிகை அவளுடைய நிழலைப் பிடித்து இழுத்து விழுங்கிவிடுகிறாள். அத்தனை வருடம் பசித்திருந்தவள் இன்னொருத்தியின் வயிற்றுக்குள் போய் முடிகிறாள். இது நேராகக் காட்டப்படுவதுகூட இல்லை. அவள் உருவத்தில் இருந்த மணிமேகலையைத் தன் மனைவி என்று நினைத்துக் காஞ்சனன், அவளை நாடி வந்த இளவரசன் உதயகுமரனை வெட்டிய பிறகு, தூணில் இருக்கிற பாவை அவனுக்குச் சொல்கிற சில வரிகளில் வந்து போகிறது. காப்பியம் முப்பது காதை.

இவ்வளவையும் அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். “அப்ப அவ்வளவு காலம் பசிச்சது சும்மாவோ?” என்றாள். அதையே தலைப்பாக வைத்து அடுத்த மாதம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். ஒரு பக்கம் போதாது என்கிறாள்.