முதுகலை சேரப் போகும் நெல்லைச் சீமை மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.ஏ., பி.எஸ்சி. முடித்துவிட்டு எம்.ஏ., எம்.எஸ்சி. வகுப்பு எப்போது தொடங்கும் என்று காத்திருக்கும் பிள்ளைகளின் ஆர்வம் பார்க்கவே நன்றாக இருக்கும். அந்த ஆர்வம் வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறோம். அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமோ, பாளையங்கோட்டையின் பழைய கல்லூரிகளோ, எங்கே சேர்ந்தாலும் புதிதாக வருபவர்கள் ஆண்டுதோறும் தடுக்கி விழும் இடங்கள் ஒன்றாகவே இருக்கின்றன. நேரத்துக்கு வகுப்புக்குப் போ, வருகைப்பதிவைப் பார்த்துக்கொள் என்பதை வீட்டிலேயே சொல்லி அனுப்புவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

துறை எங்கே என்று பார்க்காமல் அறை எடுப்பது

1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லாத் துறைகளும் அபிஷேகப்பட்டி வளாகத்தில் இல்லை. சுற்றுச்சூழல் அறிவியலுக்கான ஸ்ரீ பரமகல்யாணி மையம் ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. கடல்சார் அறிவியல் மையம் குமரி மாவட்டம் ராஜாக்கமங்கலத்தில் இருக்கிறது. பாளையங்கோட்டையில் அட்வான்ஸ் கொடுத்து அறை பிடித்த பிறகுதான் இது தெரிந்தால் கொடுத்த பணம் போனதுதான். சேர்க்கைக் கடிதத்தில் வகுப்பு நடக்கும் இடத்தைப் படித்துவிட்டு அறை தேடுங்கள்.

சான்றிதழ்கள்

டி.சி.யை ஒப்படைக்கும் முன் இரு பக்கமும் ஐந்து நகல் எடுத்து, ஒன்றை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு பல்கலைக்கழகத்தில் இளங்கலை முடித்து வருபவர்கள் இடப்பெயர்வுச் சான்றிதழுக்கு, அதாவது மைக்ரேஷனுக்கு, ரிசல்ட் வந்த வாரமே விண்ணப்பித்துவிட வேண்டும். அது கையில் வரும்வரை உங்கள் சேர்க்கை தற்காலிகமானதுதான். உதவித்தொகை வாங்குபவர்கள் வருமானச் சான்றிதழை இ-சேவையில் முன்கூட்டியே எடுத்து, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று கிளையில் நேரில் கேட்டுவிடுங்கள். பணம் வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இந்த இணைப்புதான் காரணம்.

'இங்கே ஒரு இடம் போட்டு வைப்போம், அங்கே கிடைத்தால் மாறிக்கொள்வோம்' என்று சேர்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மதிப்பெண் பட்டியல் போன்ற மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு மாணவரிடமே திருப்பித் தர வேண்டும் என்பது 2018இல் யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, வெளியிட்ட அறிவிப்பு. இடத்தை விட்டுவிட்டால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் அதில் தேதிவாரியாக இருக்கிறது. தள்ளிப்போடப் போட அந்தத் தொகை குறைந்துகொண்டே போகும்.

லேமினேஷன்

மூலச் சான்றிதழ்களுக்கு வேண்டவே வேண்டாம்.

பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்குவது

ஆசிரியர் வேலை உங்கள் கணக்கில் இருந்தால், சேரும் முன்பே அந்தப் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை உண்டா என்று விசாரியுங்கள். தாய்ப்பாடத்தின் பெயரோடு 'அப்ளைடு' என்றோ வேறொரு சொல்லோ சேர்ந்து வரும் பட்டங்கள், படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் 'இது இயற்பியலுக்கு இணையா, ஆணையைக் காட்டுங்கள்' என்று கேட்கும்போதுதான் சிக்கல் தெரியும். இளங்கலையில் ஒரு பாடம், முதுகலையில் வேறு பாடம் என்று படித்த 'கிராஸ் மேஜர்' மாணவர்களும் இதே மேசையில்தான் நிறுத்தப்படுகிறார்கள். ஆராய்ச்சிக்குப் போவதென்றால் இந்தத் தடை அவ்வளவாகக் குறுக்கே வராது. எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்பதைச் சேரும் முன் முடிவு செய்யுங்கள்.

தேர்ச்சி

இளங்கலையில் 40. முதுகலையில் 50.

கடைசி செமஸ்டரில் தலைப்புத் தேடுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இதுதான். மனத்தை உறுத்துவதும் இதுதான், ஏனென்றால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே இதில் மாட்டுகிறார்கள். பாடத்திட்டத்தில் ஆய்வேடு நான்காம் செமஸ்டரில் இருக்கிறது. அதனால் அதை நான்காம் செமஸ்டரில் தொடங்கினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். நான்காம் செமஸ்டர் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. அதாவது மார்கழியிலிருந்து பங்குனி வரை. நம் ஊரில் எது எந்த மாதத்தில் நடக்கிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எம்.ஏ. தமிழோ நாட்டார் வழக்காற்றியலோ படிக்கும் மாணவருக்கு வில்லுப்பாட்டின் மேல் ஆசை வருகிறது. அருமையான களம். வில்லுப்பாட்டு நடப்பது பெரும்பாலும் கொடையில், அதாவது கோயிலின் ஆண்டுத் திருவிழாவில். டிசம்பரில் தலைப்பைப் பதிவு செய்துவிட்டு, தை மாதம் ஊருக்குப் போய்க் கோயில் வரிதாரரைக் கேட்டால், 'கொடை போன ஆடியோட முடிஞ்சிட்டுல்லா தம்பி, இனி சித்திரைக்கு மேலதான்' என்கிறார். சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோயில் கொடைகள் பெரும்பாலும் சித்திரை தொடங்கி ஆவணிக்குள் வந்துவிடும். புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசரா. அதன் பிறகு பங்குனி வரை வில்லிசைக் குழுக்களுக்கே அழைப்பு குறைவு. ஆய்வேட்டை ஒப்படைக்கும் நேரத்தில்தான் பாட்டு மறுபடி தொடங்கும். இரண்டு வருடப் படிப்பில் கொடைகளை ஆற அமரப் பார்க்க உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு காலம்: முதலாண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் இடையில் வரும் கோடை விடுமுறை. அதைத் தவறவிட்டவர் யூடியூபில் கிடைக்கும் பாட்டைக் கேட்டு எழுதுகிறார். பாடியவர் யார், எந்த ஊர்க் கொடை, கதையில் எதை ஏன் சுருக்கினார் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் அவரிடம் பதில் இருக்காது.

அறிவியல் பக்கமும் இதே கதைதான். தாமிரபரணிப் பாசனத்தில் கார் சாகுபடி ஜூனில் தொடங்கி செப்டம்பர் வாக்கில் முடியும். பிசானம் அக்டோபர், நவம்பரில் நட்டு பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. நெல்வயல் பூச்சிகளையோ மண்ணையோ எடுத்துக்கொண்டால், பிசானம் மட்டும்தான் நான்காம் செமஸ்டரோடு பொருந்தும், அதுவும் பாதிப் பயிரிலிருந்துதான். இரண்டு பருவத்தையும் ஒப்பிட விரும்புகிறவர் முதலாண்டு முடியும்போதே, ஏப்ரலில், நெறியாளரோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக் கூட்டத்துக்குப் பிறகு ஆற்று நீர் எப்படி மாறுகிறது என்பது மாணவர்களுக்குப் பிடித்த தலைப்பு. அது ஆண்டுக்கு ஒரு முறை வரும் நாள். கூட்டத்துக்கு முன்பு, கூட்டத்தின்போது, ஒரு வாரம் கழித்து என்று மூன்று முறையாவது மாதிரி எடுக்காமல் அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. ஜனவரியில் ஒரு பாட்டிலில் நீர் எடுத்து வந்து என்னத்தை ஒப்பிடுவது?

மாதிரி எடுப்பதிலும் அவசரம் கெடுதல் செய்யும். நீரில் கரைந்த ஆக்சிஜனைப் பார்க்க வேண்டுமென்றால் 300 மி.லி. பி.ஓ.டி. (நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பாட்டிலில் குமிழ் சேராமல் நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் ஆற்றங்கரையிலேயே சேர்த்துவிட வேண்டும். ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால், பஸ்ஸில் வந்த நேரத்தில் உள்ளே இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றிருக்கும், வரும் அளவு பொய்யளவு. கோலிஃபார்ம் பாக்டீரியாச் சோதனைக்கான நீரை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். பி.ஓ.டி. சோதனையை 27 டிகிரியில் 3 நாள் வைத்துச் செய்வது நம் நாட்டு முறை. 20 டிகிரியில் 5 நாள் என்பது பழைய முறை. எதைச் செய்தீர்கள் என்று எழுதாமல் எண்ணை மட்டும் போட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வேலை என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். விண்ணப்பம் துறைத்தலைவர் கையெழுத்தோடு போய், மேலிடத்துக்குப் போய்த் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். கூந்தன்குளத்துப் பறவைகள் டிசம்பர், ஜனவரியில் வந்து கோடை முடியும்வரை தங்குவதால், அது ஒன்றுதான் நான்காம் செமஸ்டருக்குத் தோதான தலைப்பு மாதிரித் தெரியும். ஆனால் வடகிழக்குப் பருவமழை பொய்த்துக் குளம் நிரம்பாத ஆண்டில் பறவைகள் குறைந்துவிடும். அதற்கு மாற்றுத் திட்டம் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே முதல் செமஸ்டரிலேயே ஆர்வமுள்ள மூன்று தலைப்புகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் களம் திறந்திருக்கும் தமிழ் மாதங்களைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் செமஸ்டரில் நெறியாளரிடம் காட்டி ஒன்றை உறுதி செய்யுங்கள். கோடையிலும் மூன்றாம் செமஸ்டரிலும் தரவு சேரட்டும். நான்காம் செமஸ்டர் எழுதுவதற்கு மட்டும். அதிகாரபூர்வப் பதிவு பிறகு நடக்கட்டும், களத்துக்குப் போக அது தடையில்லை.

கொடையில் ஒலிப்பதிவு

வில்லிசையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்காக இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோயில் முன்னால் ஒரு பக்கம் நையாண்டி மேளம், மறுபக்கம் வில், பந்தல் கம்பில் குழாய் ஸ்பீக்கர். இதற்கு நடுவே செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றால் உடுக்குச் சத்தம் கரகரவென்று பதியும், அண்ணாவியின், அதாவது தலைமைப் பாடகரின், சொல் ஒன்றும் விளங்காது. மைக்செட்காரரிடம் முதல் நாளே பேசி, மிக்சரிலிருந்து ஒரு வயர் வாங்கி ரெக்கார்டரில் இணையுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகத் தருவார்கள். ஸ்டீரியோ வேவ் கோப்பு ஒரு மணிநேரத்துக்கு 600 எம்.பி.க்கு மேல் பிடிக்கும். கொடையைத் தொடங்கும் குடியழைப்பு முதல் நள்ளிரவுச் சாமக்கொடை வரை பதிய எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாமியாடும் கோமரத்தாடியைப் படம் பிடிக்கும் முன் ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்பது கட்டாயம். ஒரு மணிநேரப் பாட்டை எழுத்தில் பெயர்க்க ஆறு மணிநேரமாவது பிடிக்கும். பெயர்த்த பிரதியை அண்ணாவியிடமே வாசித்துக் காட்டினால், நீங்கள் தப்பாகக் கேட்ட ஊர்ப்பெயர்கள் எல்லாம் அங்கேயே திருந்திவிடும்.

டி.டி.பி. சென்டரில் இருக்கும் பழைய கோப்பு

களம் தவறியவர்கள் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். முன்பு யாரோ செய்த ப்ராஜெக்ட், அட்டையில் பெயர் மாறியிருக்கும், உள்ளே தென்காசி என்ற இடமெல்லாம் அம்பாசமுத்திரம் ஆகியிருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் தென்காசி அப்படியே நிற்கும். நெறியாளர் கண்ணில் முதலில் படுவது அந்தப் பக்கம்தான். யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை என்றால் திருத்தி மறுபடி ஒப்படைக்க வேண்டும், 60 வரை என்றால் ஓராண்டுக்கு மறுபடி ஒப்படைக்க முடியாது, அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. இவ்வளவு அபாயம் எதற்கு? நீங்களே தட்டச்சு செய்யுங்கள், யூனிகோடில். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை வேறு கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கட்டுரையாக அனுப்ப நினைக்கும்போது முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டிவரும்.

நெட் தேர்வை 'முடிச்சிட்டுப் பார்ப்போம்' என்று விடுவது

உதவிப் பேராசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட்டைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணிநேரம், தப்புக்குக் கழித்தல் கிடையாது. அதனால் ஒரு கேள்வியையும் விடாமல் எழுதிவிட்டு வர வேண்டும். இயற்பியல், வேதியியல் போன்ற அறிவியல் பாடங்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டின் முறை வேறு, அதில் தப்புக்குக் கழித்தல் உண்டு. முதல் தாள் எல்லாப் பாடத்தாருக்கும் பொது. நம் பிள்ளைகள் கோட்டைவிடுவது அதில்தான். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினருக்கு 50. பிற்படுத்தப்பட்டோர் இந்தச் சலுகையை வாங்க, மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயர் அல்லாதவர் என்ற சான்றிதழ் இருக்க வேண்டும். மாநில அரசின் சாதிச் சான்றிதழை மட்டும் கொண்டுபோய் நிற்கிறார்கள். விண்ணப்பம் திறந்த பிறகு தாசில்தார் அலுவலகத்துக்கு ஓடாமல், முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

வாய்மொழித் தேர்வு

களக்குறிப்பேட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆய்வேட்டில் எழுதாமல் விட்ட நூறு விஷயம் அதில் இருக்கும், புறத்தேர்வாளர் கேட்பதும் பெரும்பாலும் அவற்றைத்தான்.