சுவிஸ் படைத் துவக்கைச் சேவை முடிந்தபின் சொந்தமாக்குவது எப்படி?

சுவிஸில் படைச்சேவை செய்யும் எங்கள் தம்பிமார் பலர், வீட்டு அலுமாரியில் இருக்கும் துவக்கு தங்களுடையது என்றே நினைக்கிறார்கள். இல்லை. சேவை முடியும்வரை அது படையின் சொத்து. சேவை செய்தவர் அதைக் கேட்டு வாங்கலாம், அவ்வளவுதான். அதற்கும் சில வருடம் முன்பே ஆயத்தமாக வேண்டும்.

ஸ்டுர்ம்கெவேர் 90 எனும் படைத் துவக்கு வேண்டுமென்றால், கடைசி 3 வருடங்களில் 300 மீட்டர் கட்டாயச் சூட்டுப் பயிற்சியை 2 தடவையும், ஃபெல்ட்ஷீசன் எனும் களச் சூட்டை 2 தடவையும் முடித்த பதிவு இருக்க வேண்டும். கட்டாயப் பயிற்சிக்கு எல்லாரும் ஆகஸ்ட் 31க்குள் போய்விடுவார்கள். 20 குண்டு, 85 புள்ளியில் குறைந்தது 42 எடுக்க வேண்டும். களச் சூடு கட்டாயமில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள். என் பிரிவில் மிக நன்றாகச் சுடுகிற ஒருவன் அதற்கு ஒரு வருடம்தான் போயிருந்தான்; துவக்கு கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பதிவு விழுந்ததா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். கைத்துப்பாக்கிக்கு இந்தப் பதிவு தேவையில்லை.

அடுத்தது, உங்கள் மாநிலப் பொலிஸிடம் எடுக்கும் ஆயுதம் வாங்கும் அனுமதிப்பத்திரம். 2010 முதல் படைத் துவக்குக்கும் இது வேண்டும். வன்முறைக் குற்றப்பதிவு இருந்தால் கிடைக்காது. பத்திரம் 6 மாதம்தான் செல்லும், அவசரப்பட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டாம். படைச்சேவையிலிருந்து விடுவிக்கும் நாளில் இதையும் சூட்டுப் பதிவையும் 100 பிராங்கையும் கொண்டுபோங்கள். தொடர்ந்து சுடும் வசதியை நீக்கிய பிறகே துவக்கு உங்கள் பெயருக்கு வரும்.

எங்கள் வீடுகளுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. இலங்கைக் குடியுரிமை மட்டும் உள்ளவர் சுவிஸில் ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ சட்டம் தடை செய்கிறது. அப்பா இன்னும் அந்தக் கடவுச்சீட்டில் இருந்தால், அலுமாரிச் சாவி அவரிடம் போகக் கூடாது.

அப்புறம், அம்மாவிடம் கேளுங்கள். படைத் துவக்கு வீட்டில் இருக்கக் கூடாது என்ற முன்மொழிவை 2011இல் சுவிஸ் மக்கள் 56.3 வீத வாக்குகளால் நிராகரித்தார்கள். அது அவர்கள் முடிவு. சண்டைக்குள் இருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அதே கூரையின் கீழ் துவக்கோடு நித்திரை வருமா என்பது உங்கள் வீட்டு முடிவு. வராது என்றால், சேவைக் காலத்திலேயே படைக் களஞ்சியத்தில் ஒப்படைத்து வைக்கலாம். காசு இல்லை, காரணமும் கேட்க மாட்டார்கள்.