விழித்திரைக் கருவிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் விழித்திரைச் சத்திரசிகிச்சைக்கான கருவிகளின் விலைமனுக்களை ஒப்பிட உட்காரும் புதியவர் முதலில் தடுமாறுவது கேஜ் எண்ணில்தான். எண் கூடக் கூடக் கருவி மெலியும்: 20 கேஜ் ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றர், 23 கேஜ் 0.6, 25 கேஜ் 0.5, 27 கேஜ் 0.4. இது ஒரே நாளில் பழகிவிடும்.

எளிதில் விடாத தவறு, மெலிந்ததே மேலானது என்று எண்ணுவது. 1970களின் தொடக்கத்தில் சத்திரசிகிச்சை நிபுணர் ரொபர்ட் மக்கெமர், கண்ணின் உட்புறத்தை நிரப்பியிருக்கும் கூழ்போன்ற கண்ணாடியுடனீரை அகற்றக் கையாண்ட கருவி 17 கேஜ் பருமனானது. அன்றிலிருந்து கருவியை நுழைக்கக் கண்ணில் இடும் துளை சிறுத்தே வந்திருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்பே. துளை சிறுத்தால் பெரும்பாலும் தையல் தேவைப்படாது. ஆனால் குழாயின் உள்ளாரை பாதியானால், அதே அழுத்தத்தில் திரவ ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பதால், விழித்திரையைத் தாங்கக் கண்ணுக்குள் நிரப்பும், 5000 சென்டிஸ்டோக் பாகுநிலையுள்ள கெட்டியான சிலிக்கோன் எண்ணெயை 27 கேஜ் வழியே செலுத்துவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மேலும், விழித்திரையின் ஓரத்தைப் பார்க்கக் கண்ணைச் சரிக்கும்போது மெல்லிய தண்டு வளைந்துகொடுக்கும். தடித்த தண்டுக்குப் பழகிய கைக்கு அது எரிச்சலூட்டும்.

ஃபோர்செப்ஸை, அதாவது சவ்வைப் பற்றும் நுண்ணிய இடுக்கியை, வெறுங்கண்ணால் ஒப்பிடுவதைத்தான் நான் மிகப் பெரிய தவறு என்பேன். அது பற்றியெடுக்க வேண்டிய, விழித்திரையின் உட்புற மேற்பரப்பிலுள்ள உள் எல்லைச் சவ்வின் தடிப்பு இரண்டு மூன்று மைக்ரோன் மட்டுமே. நுணுக்குக்காட்டியின் கீழே பிடியை மெல்ல அழுத்துங்கள்: இரு தாடைகளும் நுனியில் முதலில் சேர வேண்டும், நடுவில் அல்ல, அழுத்தும்போது நுனி முன்னே நகர்ந்தால், விழித்திரைக்கு மேலே அந்த நகர்வு ஆபத்தாகும்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு கூடத்தில், புதிய ஃபோர்செப்ஸ் ஒன்றையும் பலமுறை கழுவிக் கிருமியழித்த வேறொரு நிறுவனத்தின் ஃபோர்செப்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பழையது பிடிக்கவில்லை என்று அந்த வகையையே ஒதுக்கிவிட்டோம். பின்னர் உருப்பெருக்கிப் பார்த்தால், தாடைகளுக்கிடையே காய்ந்த சேலைன் உப்பு வெள்ளையாக அப்பியிருந்தது. கழுவிய முறையின் குறையைக் கருவியின் மேல் ஏற்றியிருந்தோம்.

கண்ணாடியுடனீரை வெட்டி உறிஞ்சும் கருவியான கட்டரில் நிமிடத்துக்கு எத்தனை வெட்டு என்பதோடு நின்றுவிடக் கூடாது. வாய்த்துளை நுனிக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பதையும் கேளுங்கள், ஏனெனில் விழித்திரையை ஒட்டிய சவ்வைச் சீவ உதவுவது அந்த நெருக்கமே. விலையை ஒப்பிடும்போது, ஒருமுறை மட்டும் பாவிப்பதன் விலையை, மீளப் பாவிப்பதன் விலையோடு அப்படியே வைத்துப் பார்க்காமல், பின்னதைக் கழுவும், கிருமியழிக்கும், திருத்தும் செலவையும் சேர்த்து ஒரு சத்திரசிகிச்சைக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள்.