தடைக்காலத்தில் கைபேசியையும் கரையேற்றிப் பாருங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் விசைப்படகுகளுக்குப் பலகை மாற்றுவதும் வர்ணம் பூசுவதும் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதும் நடக்கும். படகில் கொண்டுபோகும் கைபேசியையும் அதே நாட்களில் சோதித்துவிடுவது நல்லது. காற்று எச்சரிக்கையும், மீன் கிடைக்கக்கூடிய பகுதி பற்றி இந்தியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் தரும் தகவலும், வரைபடமும் செயலிகளுக்குள் வந்துவிட்டதால், ஒரு செயலி திறக்கவில்லை என்பது சிக்னல் உள்ள கரையிலேயே தெரிந்துவிட வேண்டும்.

முதலில் கைபேசியின் அமைப்புகளில், அதை இயக்கும் மென்பொருளான ஆண்ட்ராய்டின் பதிப்பு எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கிய ஆண்டை வைத்துக் கணக்கிட வேண்டாம். கூகுள் புதிய பதிப்பை வெளியிட்டாலும், சிப் தயாரிப்பவரும் கைபேசி நிறுவனமும் அதைத் தம் கருவிக்கு ஏற்பத் திருத்தித் தந்த பிறகே அது நம் கைக்கு வரும். விலை குறைந்த கருவிகளுக்கு அந்த வேலை சீக்கிரமே நின்றுவிடுவது வழக்கம்.

எந்தப் பதிப்பு வரை இறங்கி ஆதரவு தருவது என்பதைச் செயலியைச் செய்பவரே தீர்மானிக்கிறார். 2025 தொடக்கத்தில் வாட்ஸ்அப்புக்கு ஆண்ட்ராய்டு 5 போதுமாக இருந்தது. அதே ஆண்டில் வந்த குரோம் பிரௌசரின் 139ஆம் பதிப்புக்கோ ஆண்ட்ராய்டு 10 வேண்டும். ஆகவே ஆண்ட்ராய்டு 9 உள்ள கைபேசியில் வாட்ஸ்அப் குறையின்றி ஓடும், குரோம் 138உடன் நின்றிருக்கும். ஒன்று வேலை செய்கிறது என்பதற்காக மற்றதும் செய்யும் என்று நம்பிவிடக் கூடாது.

பழைய கைபேசியில் இணையத்தை நாடும் செயலி பிழை காட்டினால், தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பேட்டரி முழுதும் இறங்கிக் கிடந்த கருவியில் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருக்கலாம். அப்போது, இணையதளம் உண்மையானதுதான் என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும். தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லையா? லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இணையதளங்களுக்கு வழங்கும் சான்றிதழ்களைப் பழைய கருவிகள் ஏற்கும்படி செய்திருந்த ஏற்பாடு 2024 செப்டம்பர் 30 அன்று முடிந்தது, 7.1.1க்கு முந்தைய ஆண்ட்ராய்டுகளில் இதுவே காரணமாக இருக்கலாம். பதிப்பு அதைவிடப் புதிதாக இருந்தால், ப்ளே ஸ்டோரில் செயலிகளுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவைப் புதுப்பித்துப் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால், அந்தச் சேவைக்கு இணையதளம் இருக்கிறதா என்று பிரௌசரில் தேடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பும் ஏபிகே கோப்பை, அதாவது ப்ளே ஸ்டோர் இன்றி நேரடியாகச் செயலியை நிறுவும் கோப்பை மட்டும் நிறுவாதீர்கள். வங்கிக் கணக்கு இணைந்த கைபேசியில் அது வீண் வம்பு.

புதிய கைபேசி வாங்கியவர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். என் கணிப்பில் அவர்களுக்கே ஆபத்து அதிகம், ஏனெனில் அங்கே பிழைச் செய்தி எதுவும் வராது. ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும் செயலி அறிவிப்பு காட்டவே நம் அனுமதியைக் கேட்கிறது. அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டால் செயலி ஒழுங்காகத் திறக்கும், வரைபடம் தெரியும், ஆனால் புயல் எச்சரிக்கை வந்தாலும் கைபேசி வாய் திறக்காது. அதனால் எச்சரிக்கைச் செயலி ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பு அனுமதியைத் திறந்துவைத்து, பேட்டரி சேமிப்புக் கட்டுப்பாட்டிலிருந்தும் அதை விலக்குங்கள். ஆண்ட்ராய்டு 6க்கும் முந்தைய பதிப்புகளைக் குறிவைத்துச் செய்த செயலிகளை நிறுவ ஆண்ட்ராய்டு 14 மறுத்துவிடும்; பழைய கைபேசியிலிருந்து பகிர்ந்துகொண்ட வரைபடச் செயலி ஏறாததற்கு இது காரணமாகலாம்.

கடைசியாக, பாம்பன் கரையில் நின்று வரைபடத்தைத் தரவிறக்கிக்கொண்டு, ஃப்ளைட் மோடைப் போட்டு, இருப்பிடச் சேவையை மட்டும் இயக்கிச் சற்றுப் பொறுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவதால் சிக்னல் இன்றியும் நீங்கள் நிற்கும் இடம் தெரிய வேண்டும். பழைய கைபேசி இதில் தேறினால் அதையும் படகில் வைத்துக்கொள்ளுங்கள்; வேகம் குறைந்துவிட்டதே என்று எல்லாவற்றையும் அழித்துவிடும் ஃபேக்டரி ரீசெட் மட்டும் செய்துவிடாதீர்கள், இப்போது அதில் ஓடும் செயலி மறுபடி நிறுவக் கிடைக்காமல் போகலாம்.