‘நான்தான் கதிரேசன்’: போர்க்காலக் காதல் நகைச்சுவை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் தமிழ் நாடகம் எழுத வருகிற இளையவர்களுக்கு ஜப்பானியர் ஆட்சிக்காலம் பிடித்தமான களம். ஆள்மாறாட்டம், சின்னச் சின்னப் பொய்கள், இடையில் ஒரு காதல். நல்ல விதைதான். ஆனால் பிரதிக்குப் பிரதி ஒரே இடத்தில்தான் கதை சாய்கிறது. எழுத்துப்பிழை, நீளமான வசனம் எல்லாம் ஒத்திகையில் சரியாகிவிடும். ஒத்திகையில் சரிசெய்யவே முடியாதவை இங்கே.

ஒரே கேள்வியில் உடைகிற பொய்

ஆகப் பெரிய தவறு இதுதான். முதல் இருபது நிமிடம் அரங்கமே சிரிக்கும். பிறகு யாரோ ஒருவர் பக்கத்து இருக்கையில் கேட்பார்: “அவங்க அம்மா பேரக் கேட்டா முடிஞ்சு போச்சே, ஏன் கேக்க மாட்டேங்குறாங்க?” அதற்குப் பிரதியில் பதில் இல்லையென்றால் மீதி ஒரு மணி நேரமும் வீண். எத்தனை நல்ல நடிகர் இருந்தாலும் காப்பாற்ற முடியாது.

ஒரு கதையை வைத்துப் பார்ப்போம். 1942 நடுப்பகுதி, செராங்கூன் சாலைக்குப் பின்சந்தில் ஒரு வீடு. கண் மங்கிய பாட்டி, பேத்தி கோகிலா. பாட்டியின் இளைய மகன் வயிற்றுப் பேரன் கதிரேசன் 1941 அக்டோபரில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கியதோடு சரி, தகவல் இல்லை. உப்பு கொடுக்க வந்த கடைப்பையன் முத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டி, “வந்துட்டியாய்யா கதிரேசா” என்கிறாள். அவனுக்கு மனசு கேட்கவில்லை. “வந்துட்டேன் பாட்டி” என்றுவிடுகிறான்.

இந்தப் பொய்யை எது தாங்குகிறது? புதிதாக எழுதுபவர் இந்த இடத்தில் ஒன்றும் வைக்காமல், அபாயச் சங்கையும் ஒரு ராணுவச் சீருடையையும் மேடைக்குக் கொண்டுவருவார். போர் அங்கே வெறும் படுதா. போர்தான் அந்தக் கேள்வியைத் தடுக்க வேண்டும். தடுக்க மூன்று தாழ்ப்பாள் போடலாம்.

முதல் தாழ்ப்பாள் தபால். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு ஊருக்குக் கடிதம் போட்டு விசாரிக்க வழியில்லை. இன்று கைப்பேசியில் படம் அனுப்பி நொடியில் தெரிந்துகொள்ளும் பார்வையாளருக்கு இந்த மௌனத்தின் நீளம் உறைக்காது. ஆகவே முதல் காட்சியிலேயே பாட்டி தலையணைக்கு அடியில் ஒரு பழைய கடிதம் இருக்கட்டும். அதற்குப் பிறகு வேறு கடிதமே வரவில்லை என்பது அதன் கசங்கலில் தெரியட்டும்.

இரண்டாவது தாழ்ப்பாள், கேட்பவருக்கே நட்டம். பக்கத்து வீட்டுக்காரர் சந்தேகப்படுகிறார். ஆனால் “பினாங்கிலிருந்து வந்த ஒருத்தர் கதிரேசனைப் பார்த்தாராம்” என்று பாட்டியைத் தேற்ற முன்பே ஒரு பொய் சொன்னவர் அவர்தான். முத்துவைக் குடைந்தால் தன் பொய்யும் வெளியே வரும். கோகிலாவுக்கோ முதல் நாளே உண்மை தெரியும். சொன்னால் பாட்டி மறுபடி சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிடுவாள்.

மூன்றாவது, கேள்வியைக் கேட்கவே விட்டுவிடுவது. பலருக்கும் இதற்குத் துணிச்சல் வருவதில்லை. இருபதாவது நிமிடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் நேராகவே கேட்கட்டும்: “உங்கம்மா பேரு என்ன தம்பி?” முத்து சரியாகச் சொல்கிறான். எப்படி? முந்தின காட்சியில் பாட்டிக்கு அந்தப் பழைய கடிதத்தை வாசித்துக் காட்டியவன் அவன்தான். இப்போது பார்வையாளர் அவன் பக்கம். அடுத்த கேள்விக்கு அவனிடம் கடிதம் இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். மேலே கதாபாத்திரங்களின் பெயர், பக்கவாட்டில் காட்சி எண். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஒன்று: ‘தெரியும்’, ‘சந்தேகம்’, ‘தெரியாது’. தொடர்ந்து மூன்று காட்சிகளில் ஒரு கட்டம்கூட மாறவில்லையென்றால் அங்கே கதை நின்றுவிட்டது. 90 நிமிட நாடகத்துக்கு ஒரு பெரிய பொய்யும் இரண்டு சின்னப் பொய்யும் போதும். பெரிய பொய் பன்னிரண்டாவது நிமிடத்துக்குள் பிறந்துவிட வேண்டும். நான்காவது பொய் வந்தால் பார்வையாளர் கணக்கு வைப்பதை விட்டுவிடுவார்.

முறை மாறுவதைக் கவனிக்காதது

தமிழில் ஆள்மாறாட்டம் என்றால் பெயர் மட்டும் மாறுவதில்லை, முறை மாறும். முத்துவை அத்தை மகனாக்கினால் அவன் முறைமாப்பிள்ளை. காதலுக்குத் தடையே இல்லை, பாட்டியே பரிசம் பேசிவிடுவாள். அவசரத்தில் பலர் இதைத்தான் எழுதுகிறார்கள். சித்தப்பா மகன் என்றால் கோகிலா அவனை “அண்ணே” என்று கூப்பிட்டாக வேண்டும். நாடகமே அங்கேதான் சூடு பிடிக்கும்.

ஒரு நிபந்தனை உண்டு. அவன் அண்ணன் இல்லை என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அது பார்வையாளருக்கும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அரங்கம் நெளியும். பாட்டி முன்னால் “அண்ணே”. தனியாக இருக்கும்போது எந்த முறைச்சொல்லும் இல்லாமல், “இந்தாங்க”, “கேட்டீங்களா” மட்டும். அந்த இடைவெளியே காதல் வசனம். தனியே வேறொன்றும் எழுதவேண்டாம்.

பேச்சு வழக்கையும் பாருங்கள். கடையநல்லூரிலிருந்து வந்து தஞ்சோங் பகாரில் குடியிருந்தவர் பேச்சும் நாகப்பட்டினத்தார் பேச்சும் வேறு. யாழ்ப்பாணத்தார் பேச்சு முற்றிலும் வேறு. முத்து எந்த ஊர் என்பதை முடிவுசெய்யாமல் எழுதினால், முதல் வாக்கியத்திலேயே கண்டுபிடித்திருக்க வேண்டிய பாட்டி ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பார்கள்.

பொய்யின் விலையை இன்னொருவன் தலையில் கட்டுவது

தீங்கில்லாத பொய் எது? சொன்னவன் மட்டுமே விலை கொடுப்பது. இதை மீறினால் நகைச்சுவை அந்த இடத்திலேயே செத்துவிடும்.

ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு ஆள்பிடிப்பதிலிருந்து தப்ப நாயகன் பெயரை மாற்றிச் சொல்கிறான் என்றொரு காட்சி அடிக்கடி வருகிறது. அவன் தப்பினால் வேறொருவன் போவான். சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசாயாத் வரை 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். திரும்பிவராத தாத்தாவைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர் உங்கள் அரங்கில் நிச்சயம் இருப்பார். 1942 பிப்ரவரி, மார்ச்சில் சீனர்களை வடிகட்டிக் கொன்ற ‘சூக் சிங்’கையும் ஆள்மாறாட்ட வேடிக்கைக்குப் பயன்படுத்தாதீர்கள். இவை கதையில் வரலாம், வரவும் வேண்டும். அப்போது சிரிப்பு நின்றுவிட வேண்டும். அந்த ஒரு நிமிட அமைதியை எழுதத் தெரிந்தவருக்குத்தான் அடுத்த சிரிப்பு கிடைக்கும்.

கெம்பெய்த்தாய் (ஜப்பானிய ராணுவப் போலீஸ்) அதிகாரியைக் கோமாளியாக்குவது

வேண்டாம்.

ஆண்டைக் குழப்புவது

1942இல் கதாநாயகி, போஸ் அமைத்த பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையில் சேர்கிறாள். முடியாது. சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்ததே 1943 ஜூலை 2இல்தான். வாட்டர்லூ ஸ்திரீட்டில் அந்தப் பெண்கள் முகாம் திறந்தது 1943 அக்டோபர் 22. ‘நான் படையில் சேர்ந்துவிட்டேன்’ என்று நாயகன் பொய் சொல்ல, அதை நம்பி நாயகி உண்மையிலேயே சேர்ந்துவிடும் கதை எழுத ஆசையிருந்தால் 1943 கடைசியில் தொடங்குங்கள். அருமையான கதை அது. இன்னும் யாராவது எழுதலாம்.

1942 பிப்ரவரிக்குப் பிறகு, போர் முடியும்வரை ‘நேற்று நாகையிலிருந்து கப்பலில் வந்தேன்’ என்ற வசனமும் நிற்காது.

கடிகாரம்

ஜப்பானியர் தங்கள் டோக்கியோ நேரத்தை இங்கே புகுத்தினார்கள். பழைய நேரத்தைவிட ஒன்றரை மணி கூடுதல். அதனால் மாலை 7 மணிக் காட்சிக்கு அரிக்கேன் விளக்கு ஏற்றாதீர்கள். அந்தக் கடிகாரப்படி பொழுது சாயவே ஏறக்குறைய 8 ஆகும். “பழைய மணியா, புது மணியா?” என்ற குழப்பத்தில் காதலர் சந்திப்பு தவறுவதை எழுதலாம். ஆட்சி மாறிய முதல் சில வாரங்களுக்குத்தான் அது செல்லும். 1944இல் வைத்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

காசும் சாப்பாடும்

ஜப்பானியர் அச்சடித்த பணத்தை ‘வாழைமர நோட்டு’ என்பார்கள். ஆனால் வாழைமரம் 10 வெள்ளித் தாளில்தான் இருக்கும், எல்லாத் தாளிலும் இல்லை. கடைசிக் காலத்தில் அந்த நோட்டு கட்டுக் கட்டாகக் கொடுத்தாலும் பெறாது. கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் என்று 1945இல் யாரும் பெருமைப்பட வழியில்லை.

1944இல் இட்லி தட்டு வைக்காதீர்கள். அரிசி கிடைக்காத காலம். மரவள்ளி, சர்க்கரைவள்ளிதான்.

விமானச் சத்தம்

இரண்டு முறை போதும்.

உண்மையான ஆளைக் கடைசியில் கதவைத் தட்டவைப்பது

1945 செப்டம்பர் 12, ஜப்பானியர் சரணடைகிறார்கள், கதவு திறக்கிறது, நிஜக் கதிரேசன் நிற்கிறான். இது எழுத்தாளர் தன் வேலையைத் தற்செயலிடம் ஒப்படைப்பது. உண்மை போர் முடிவதற்கு முன்பே, எழுபத்தைந்தாவது நிமிடம் வாக்கில், முத்துவின் வாயாலேயே வர வேண்டும். யாரும் கேட்காதபோது, சொல்லாமலிருந்தால்தான் லாபம் என்ற நிலையில். நிஜக் கதிரேசன் உயிரோடு, வேறெங்கோ, ஈப்போவிலோ தைப்பிங்கிலோ கல்யாணம் முடித்து நன்றாக இருக்கட்டும். அவன் இறந்திருந்தால் முத்து செய்தது திருட்டாகிவிடும்.

தபால் மறுபடி ஓடத் தொடங்கியதும் அவன் கடிதம் வருகிறது. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தை முத்துவிடம் நீட்டி, முதன்முறையாக அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லி, வாசிக்கச் சொல்கிறாள்.