மலைமேல் உணவகத்தில் முதல்முறை சாப்பிடப் போகிறீர்களா? முதலில் திசையைக் கேளுங்கள்

ஆச்சியின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு வீட்டோடு ஒரு மலைச்சரிவு உணவகத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். ‘சன்செட் டின்னர்’ என்று விளம்பரம் பார்த்து, ஆறரை மணிக்கு மேசை சொல்லிவைத்திருந்தேன். போய் உட்கார்ந்தால் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிச் சுவர், வெளியே கும்மிருட்டு, கண்ணாடி முழுக்க எங்கள் ஏழு பேர் முகம். ஆச்சி அதைப் பார்த்துக் கொண்டையைச் சரிசெய்துகொண்டாள். “இதப் பாக்கதுக்கால இம்புட்டுத் தூரம் கூட்டியாந்த?” என்று ஒரே கேள்விதான் கேட்டாள்.

அன்றைக்குத் தப்பு செய்து கற்றுக்கொண்டதும், அதற்கப்புறம் நாலைந்து தடவை ஒழுங்காகப் போய்வந்ததும் சேர்த்து இந்தச் செய்முறை. பெரிய ஓட்டல் பழக்கமில்லாத வீட்டுக்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: திசை

திருநெல்வேலிச் சீமையில் மலை மேற்கே இருக்கிறது. குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் மலைச்சரிவில் உட்கார்ந்தால் உங்கள் முகம் கிழக்கே பார்த்திருக்கும். அதனால் சூரியன் மறைவது உங்கள் முதுகுக்குப் பின்னால், மலைக்கு அந்தப் பக்கம். டிசம்பரில் ஆறு மணி, ஜூலையில் ஆறே முக்கால் என்று காலண்டரில் போட்டிருக்கும் நேரத்துக்கு வெகு முன்பே மலை வெயிலை மறைத்துவிடும். ஆறரைக்குப் போனால் ஆச்சி கேட்ட கேள்விதான் மிச்சம்.

சரி, எப்போது போவது? மாலை என்றால் நாலு மணிக்கு மேசையில் இருங்கள். அப்போது வெயில் நம் பின்னாலிருந்து சமவெளி மேல் விழும். குளங்கள், தென்னந்தோப்பு, சிற்றாற்றை ஒட்டிய பச்சை எல்லாம் துல்லியமாகத் தெரியும். காற்றாலைகள் சுற்றுவதுகூடத் தெரியும். கொஞ்ச நேரத்தில் மலையின் நிழல் அடிவாரத்திலிருந்து கிளம்பி ஒவ்வொரு ஊராக மூடிக்கொண்டு கிழக்கே போகும். இந்தக் குளம் இருட்டிவிட்டது, அடுத்த குளம் இன்னும் மினுங்குகிறது என்று விரல் நீட்டிச் சொல்லலாம். கீழே நின்றால் இது தெரியாது. காப்பி ஆறுவது தெரியாமல் நான் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

சூரியன் மறைவதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் ஆரியங்காவுக் கணவாய் தாண்டிக் கேரளப் பக்கம், மேற்கே பார்த்த மலைக்குப் போக வேண்டும். அது ஒரு நாள் பயணம்.

என்னைக் கேட்டால், முதல்முறை போகிறவர்கள் காலைச் சாப்பாட்டுக்குப் போங்கள். எதிரே சூரியன் ஏறுவதைப் பார்க்கலாம். செலவும் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டைவிடக் குறைவு. அதைவிட முக்கியம், பஃபேயில் இட்லி, பொங்கல், வடை என்று எல்லாம் தெரிந்த முகங்கள். மெனு கார்டைப் பார்த்து யாரும் திருதிருவென்று முழிக்க வேண்டாம்.

படி 2: மாதம்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சீசன். சாரலும் காற்றும் சுகம்தான். ஆனால் மேசையிலிருந்து பார்த்தால் வெள்ளை மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியாத நாட்கள் நிறைய இருக்கும். ‘வியூ’வுக்குக் காசு கொடுப்பதாக இருந்தால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். குளங்களில் தண்ணீர் கிடக்கும், பிசான நெல் வயலில் நிற்கும், மழை கழுவிவிட்ட காற்றில் தூரம் தெளியும். அப்படி ஒரு நாளில் தென்காசிக் கோபுரத்தை மேசையிலிருந்தே அடையாளம் கண்டுபிடித்தார் அப்பா. அன்று முழுக்க அதைத் தவிர வேறு பேச்சில்லை.

படி 3: போன்

இரண்டு நாள் முன்னதாகப் பேசிவிடுங்கள். விடுதியோடு சேர்ந்த உணவகங்களில் சில, ரூம் போட்டவர்களுக்கு மட்டும்தான் சாப்பாடு தருவார்கள். வெளியாட்களை விடுவார்களா என்பது முதல் கேள்வி. அப்புறம் இவற்றைக் கேளுங்கள்:

கைப்பிடிக் கம்பி ஓரமாக, திறந்தவெளியில் மேசை கிடைக்குமா? கண்ணாடிக்கு உள்ளே என்றால் இருட்டியபின் விளக்கைக் குறைப்பார்களா? (குறைக்காவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடிதான்.) வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து எத்தனை படி ஏற வேண்டும்? எங்கள் முதல் இடத்தில் நாற்பத்திரண்டு படி. ஆச்சி எண்ணிக்கொண்டே ஏறினாள். சைவத்துக்குத் தனிச் சமையல் உண்டா? ராத்திரியில் பாதையில் சோதனைச் சாவடி ஏதும் அடைப்பார்களா?

இடையில் ஒன்று. சிலர் மாஞ்சோலையை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிற இடம், வனத்துறை அனுமதியோடுதான் போக முடியும். மெனு கார்டு தேடிப் போகிற மலை அது இல்லை.

படி 4: ஏறுவது

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் ஏறாதீர்கள், வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். குமட்டல் வருகிறவர்கள் முன் சீட்டில். நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொண்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் வாந்தி வந்ததில்லை. காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள். ஸ்வெட்டர் வேண்டும்: ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும், காற்றும் சேர்ந்துகொள்ளும். ரொக்கமாகக் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சிக்னல் இல்லாமல் ஜீபே சுற்றிக்கொண்டே இருந்து, அத்தான் போனைத் தூக்கிப் பிடித்தபடி வண்டி நிறுத்துமிடம் வரை நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

படி 5: உட்கார்ந்தபின்

மடித்து வைத்திருக்கும் துணி மடியில் போட. மலைக்காற்றில் அது பறக்கும், ஒரு நுனியைத் தொடைக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள்.

ஆர்டர் எடுக்க வருகிறவரைக் கேப்டன் என்பார்கள். நாம் தடுமாறுவது இவரிடம்தான். அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று ஒரு பதற்றம் வரும். வேண்டாம். “சூப் மட்டும் முதலில் கொண்டுவாங்க, மற்றதை அப்புறம் சொல்கிறோம்” என்றால் போதும். குளிரில் பண்டம் சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் இரண்டு தவணையாகச் சொல்வதுதான் நல்லது. ஒரு கிரேவியில் எத்தனை பேர் சாப்பிடலாம் என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு பேருக்கு வரும். ஏழு பேருக்கு ஏழு கிரேவி சொன்ன கதை எங்களுடையது. மிச்சத்தைப் பார்சல் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மெனுவில் ஒரு பெயர் புரியவில்லை என்றால், “இது எப்படி இருக்கும்?” என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டதில்தான் ‘வெஜிடபிள் ஸ்டூ’ என்று போட்டிருப்பது நம் சொதிக்குப் பங்காளி முறை என்று தெரிந்தது. ஆச்சி ஒரு வாய் ருசித்துவிட்டு, “தேங்காப்பால் முதல் பால் இல்ல, இஞ்சியும் பத்தாது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஆனாலும் கிண்ணம் காலி.

தண்ணீர் வைக்கும்போதே பாட்டிலைத் திறக்க வருவார்கள். அதற்குத் தனி விலை. சாதாரணக் குடிதண்ணீர் போதும் என்றால் திறக்கும் முன் சொல்லுங்கள்.

முள்கரண்டி? கையால் சாப்பிடுங்கள். ரொட்டியைக் கத்தியால் அறுத்துச் சாப்பிட முயன்று தட்டைவிட்டுப் பறக்கவிட்ட என் மச்சானைத் தவிர யாரும் உங்களைப் பார்க்கப்போவதில்லை.

திறந்தவெளி மேசையில் குரங்கு வரும். ஒரு துண்டுகூடப் போடாதீர்கள். கைப்பையையும் போனையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பில்

கார்டை நீட்டும் முன் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். 2,400 ரூபாய்க்குச் சாப்பிட்டிருந்தால், சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது 120 ரூபாய். பில்லில் 60, 60 என்று இரண்டாகப் பிரித்திருக்கும். ஆனால் நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் விடுதிக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம் வரலாம். அப்போது அதே சாப்பாட்டுக்கு 432 ரூபாய் வரி. மெனுவில் இருப்பது பெரும்பாலும் வரி சேர்க்காத விலை என்பதால், ஆர்டர் சொல்லும்போதே மனதில் இதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

‘சர்வீஸ் சார்ஜ்’ என்று 5 அல்லது 10 சதவீதம் தனியாக இருந்தால் அது வரி இல்லை. தானாகப் பில்லில் சேர்த்து அதைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. “இதை எடுத்துவிடுங்க” என்று சத்தம் போடாமல் சொன்னால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நான் அதை எடுக்கச் சொல்லிவிட்டு, பரிமாறிய பையனிடம் நேராகக் கையில் கொடுத்துவிடுவேன். நாற்பத்திரண்டு படியில் ஆச்சியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தவன் அவன்தான்.

படி 7: இறங்குவது

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் போட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் நாலாவது வளைவில் கருகல் வாசனை வந்துவிடும். எதிரே ஏறிவரும் வண்டிக்கு ஒதுங்கி வழி விடுங்கள்.

போன தையில் ஆச்சியைத் திரும்பவும் கூட்டிப்போனேன், காலை ஏழு மணிக்கு. மேசை கம்பி ஓரம். இட்லியைப் பிட்டுக்கொண்டே கீழே கையைக் காட்டி, “ஏல, அந்தக் குளம் எது?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. பரிமாறிய பையனைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவனுக்கும் தெரியவில்லை. அவனையும் நிற்கவைத்து, இட்லி ஆறும்வரை நாங்கள் மூன்று பேரும் ஒவ்வொரு குளமாகத் தேடிக்கொண்டிருந்தோம்.