டிஸ்கில் பாதி காலி, ஆனாலும் ‘இடமில்லை’ என்கிறதா? ஒரு பொம்மை வயல் போட்டுப் பார்ப்போம்

மன்னார்குடியில் நண்பன் ஒருவன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். போன சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கட்டும் கடைசி வாரம், சிட்டாவும் அடங்கலும் ஸ்கேன் செய்ய வாசல் வரைக்கும் ஆள் நிற்கிற நேரத்தில் போன் அடித்தான். “மாப்ளே, டிஸ்க்ல இடம் இல்லேங்குது, பாத்தா பாதி காலியாத்தான் கெடக்கு.” போய்ப் பார்த்தால் அவன் சொன்னது சரிதான், 20 ஜிபி பிரிவில் பாதி காலி. அன்றைக்கு அவனுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை இங்கே கையால் செய்து காட்டுகிறேன். லினக்ஸ் உள்ள எந்தக் கணினியும் போதும், அதில் டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் சாளரத்தைத் திறந்துகொள்ளுங்கள். உங்கள் உண்மையான டிஸ்கைத் தொடப்போவதில்லை. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். 1ஜி, 940எம் மாதிரி அளவுகளில் மட்டும் பெரிய எழுத்து. வயல், நெல் மாதிரி நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே தட்டுங்கள்.

முதலில் நிலம் வேண்டும். ‘ட்ரங்கேட் -எஸ் 1ஜி வயல்’ என்று அடித்தால் 1 ஜிபி அளவில் வயல் என்றொரு கோப்பு வந்துவிடும். ‘எல்எஸ் -எல்’ 1 ஜிபி என்று காட்டும், ‘டியு வயல்’ சுழியம் என்று காட்டும். இரண்டும் பொய் இல்லை. அளவு என்பது பத்திரத்தில் எழுதியது, பிடித்திருக்கும் இடம் என்பது உழுதது. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், பின்னால் திரும்ப வரும்.

அடுத்து ‘எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்ட்4 வயல்’. எக்ஸ்ட்4 என்பது லினக்ஸ் கோப்புகளை டிஸ்கில் அடுக்கிவைக்கும் முறைகளில் ஒன்று. ஃபார்மேட் செய்வது என்பது நிலத்தை அளந்து வரப்புக் கட்டுவதுதான். திரையில் ஒரு வரி வரும்: 262144 பிளாக்குகள், 65536 ஐநோடுகள். ஒரு பிளாக்கு 4096 பைட், அதுதான் ஒரு பாத்தி. ஐநோடு என்பது சிட்டாவில் ஒரு பக்கம்: யாருடைய கோப்பு, எவ்வளவு பெரிது, எந்தெந்தப் பாத்தியில் கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்தப் பாத்தி பயிரில் இருக்கிறது, எது தரிசு என்பதற்குத் தனியாக ஓர் அடங்கல் உண்டு, அதற்கு பிட்மேப் என்று பெயர், பாத்திக்கு ஒரு பிட். 65536 எங்கிருந்து வந்தது என்றால், 16384 பைட்டுக்கு ஒரு பக்கம் என்பது வழக்கமான கணக்கு. ஒரு பக்கம் 256 பைட், ஆக 16 எம்பி சிட்டாவுக்கே போய்விட்டது. எக்ஸ்ட்4-இல் இந்தப் பக்கங்களின் எண்ணிக்கை வரப்புக் கட்டும் அன்றே முடிவாகிவிடும், அப்புறம் நாமாகப் பக்கம் ஒட்ட முடியாது.

இப்போது ‘எம்கேடிர் களம்’, அப்புறம் ‘சுடோ மவுண்ட் -ஓ லூப் வயல் களம்’. சுடோ என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு செய் என்று பொருள், மவுண்ட் என்பது வயலை ஒரு டிஸ்க் போலக் களம் என்ற கோப்புறையில் இணைப்பது. ‘சுடோ சவ்ன்’ என்பதோடு உங்கள் பயனர் பெயரையும் களம் என்பதையும் சேர்த்து அடித்துக் களத்தை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, ‘சிடி களம்’ என்று உள்ளே போங்கள். ‘டிஎஃப் -ஐ .’ அடித்தால், இன்னும் ஒன்றுமே வைக்காத வயலில் 11 அல்லது 12 பக்கம் செலவு என்று காட்டும். அது அமைப்பு தனக்கென்று எடுத்துக்கொண்டது.

நெல் என்று ஒரு கோப்பு உண்டாக்கி, அதற்குள்ளும் நெல் என்றே எழுதுங்கள்: ‘எக்கோ நெல் > நெல்’. ‘ஸ்டாட் நெல்’ என்று கேட்டால் அளவு 13 பைட் என்று சொல்லும். நமக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நான்கு குறி, ஒவ்வொன்றும் 3 பைட், கடைசியில் வரி முடிவுக்கு ஒன்று. அந்த 13 பைட்டுக்கு ஒரு முழுப் பாத்தி, 4096 பைட், போயிற்று. பக்க எண் அநேகமாக 12 அல்லது 13 ஆக இருக்கும். ‘எம்வி நெல் அரிசி’ என்று பெயரை மாற்றிவிட்டு ‘எல்எஸ் -ஐ’ பாருங்கள், எண் மாறவில்லை. நம்ம ஊரில் கோயிலடி மூணு மா என்று சொல்வோம், சிட்டாவில் அந்தப் பெயரா இருக்கிறது, புல எண்தானே! கோப்பின் பெயரும் அப்படித்தான், ஐநோடில் பெயரே கிடையாது. இந்தப் பெயருக்கு இந்த எண் என்று எழுதிவைத்திருப்பது கோப்புறை. அதனால் ‘எல்என் அரிசி புழுங்கல்’ என்று ஒரே நிலத்துக்கு இன்னொரு பெயரும் வைக்கலாம், அரிசியை அழித்தாலும் புழுங்கல் அப்படியே இருக்கும். கடைசிப் பெயரும் போய், கோப்பை யாரும் திறந்து வைத்திருக்கவில்லை என்றால்தான் பாத்தி தரிசாகும்.

இனி நண்பன் மாட்டிக்கொண்ட இடம். ‘எம்கேடிர் பதர்’, ‘சிடி பதர்’, அப்புறம் ‘செக் 70000’ என்பதை ஒரு செங்குத்துக்கோடு போட்டு ‘எக்ஸ்ஆர்க்ஸ் டச்’ என்பதோடு சேர்த்து அடியுங்கள். எழுபதாயிரம் வெறும் கோப்புகள், உள்ளே ஒரு மணி கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் இடமில்லை, இடமில்லை என்று நாலாயிரத்துச் சொச்சம் வரிகள் கொட்டும். ‘டிஎஃப் -எச் .’ அடித்தால் நிலம் தாராளமாகக் கிடக்கும். ‘டிஎஃப் -ஐ .’ அடித்தால் 100 சதவீதம். சிட்டாப் புத்தகம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நண்பனுடைய ஸ்கேன் மென்பொருள் ஸ்கேன் செய்த தாளுக்கு ஐந்தாறு குட்டி முன்னோட்டப் படங்களை மூன்று வருடமாகச் சேமித்துக்கொண்டே இருந்திருக்கிறது, 20 ஜிபிக்கு உண்டான 13 லட்சம் சிட்டாப் பக்கமும் தீர்ந்துவிட்டது. அந்தக் குட்டிகளை அழித்ததும் வரிசை நகர்ந்தது. நீங்களும் வெளியே வந்து ‘ஆர்எம் -ஆர் பதர்’ என்று அழித்துவிடுங்கள்.

இடம் பிடித்துவைப்பது தனிக் கதை. ‘எஃப்அலொகேட் -எல் 500எம் தாளடி’ என்று அடித்தால் கண்மூடித் திறப்பதற்குள் 500 எம்பி போய்விடும், ஆனால் டிஸ்கில் அவ்வளவும் எழுதவில்லை, இந்தப் பாத்திகள் இவருக்கு என்று குறித்ததோடு சரி. ஆரம்பத்தில் செய்த ட்ரங்கேட்டுக்கு இது நேர் எதிர்: அங்கே பத்திரம் உண்டு நிலமில்லை, இங்கே நிலம் உண்டு விதைக்கவில்லை. பெரிய கோப்பு இறக்குமுன் நடுவில் இடம் தீர்ந்துவிடக் கூடாது என்பவர்களுக்கு இதுதான் வசதி.

தாளடியை அழித்துவிட்டு அதையே 940எம் என்று கேளுங்கள், கிடைக்காது. பாதியில் நின்றதை அழித்துவிட்டு முன்னால் சுடோ சேர்த்துக் கேளுங்கள், கிடைத்துவிடும்! நாற்றங்காலுக்கு ஒதுக்கிய இடத்தில் கண்டவரும் நடவு நட முடியாது இல்லையா, அதுபோல எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீதப் பாத்திகளை ரூட் என்கிற நிர்வாகிப் பயனருக்கென்று வைத்துக்கொள்கிறது, நம் வயலில் அது 13107 பிளாக்கு, 51 எம்பி. டிஸ்க் நிரம்பினாலும் அமைப்பு மூச்சுவிட அது வேண்டும், இயங்குதளம் உள்ள பிரிவில் கை வைக்காதீர்கள். ஆனால் கல்யாண வீடியோ மட்டும் போட்டுவைக்கும் 1 டிபி டிஸ்கில் 50 ஜிபியை அப்படிப் பூட்டிவைப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. தாளடியை அழித்துவிட்டு, களத்தை விட்டு வெளியே வந்து ‘சுடோ உமவுண்ட் களம்’, பிறகு ‘ட்யூன்2எஃப்எஸ் -எம் 1 வயல்’, 1 சதவீதமாகிவிடும். மறுபடி மவுண்ட் செய்து ‘டிஎஃப்’ பார்த்தால் கையில் இருக்கும் இடம் 40 எம்பி கூடியிருக்கும். விளையாடி முடிந்ததும் உமவுண்ட் செய்துவிட்டு வயலை அழித்துவிடுங்கள்.